ஹெச்-இன்டெக்ஸ் 13 என்றால் சுமாரான ஆளா?

கேள்வி இதுதான். கணிதப் பேராசிரியர் ஒருவரிடம் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேரலாமா என்று ஒரு மாணவர் யோசிக்கிறார். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளமான கூகுள் ஸ்காலரில் அந்தப் பேராசிரியரின் பக்கத்தில் 42 கட்டுரைகள், 600 மேற்கோள்கள் (மற்றக் கட்டுரைகள் இவருடையவற்றைச் சுட்டிக்காட்டிய தடவைகள்), ஹெச்-இன்டெக்ஸ் 13 என்று இருக்கிறது. மாணவரின் தோழி உயிரியலில் பட்டம் முடித்துச் சில வருடங்களே ஆனவர். அவருக்கே ஹெச்-இன்டெக்ஸ் 16. அப்படியானால் இந்தப் பேராசிரியர் சுமார்தானா?

அந்த எண்களை வைத்து அவரைச் சுமார் என்றும் சொல்ல முடியாது, சூரர் என்றும் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதைத்தான் அந்த மாணவருக்கு விளக்கப்போகிறேன். கணித ஆய்வில் பல வருடம் இருந்தவன். ஆள் எடுக்கும் குழுக்களில் உட்கார்ந்து இந்த எண்களை முன்வைத்து நடக்கும் வாக்குவாதங்களை வேண்டிய மட்டும் கேட்டிருக்கிறேன். கொஞ்சம் வளவளவென்று போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 13. இந்த அளவையை 2005-இல் முன்வைத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த இயற்பியலாளர். ஒருவருடைய கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்குங்கள். பதின்மூன்றாவது கட்டுரைக்குக் குறைந்தது 13 மேற்கோள் இருக்கிறது, பதினான்காவதற்கு 14 இல்லை என்றால் அவருடைய ஹெச்-இன்டெக்ஸ் 13. அவ்வளவுதான். 12 இருந்தால் இணைப் பேராசிரியர், 18 இருந்தால் முழுப் பேராசிரியர் என்று ஓர் உத்தேசக் கணக்கையும் ஹிர்ஷ் அந்தக் கட்டுரையில் சொல்லியிருந்தார். அது பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகங்களில் உள்ள இயற்பியலாளர்களுக்கான கணக்கு. எண் மட்டும் எல்லாத் துறைகளுக்கும் பரவிவிட்டது. அந்த நிபந்தனை கூடவே போகவில்லை.

இதில் கணிதக்காரர்களுக்கு ரசிக்கத்தக்க ஒரு விஷயம் இருக்கிறது. ஒருவருக்கு ஐந்து கட்டுரைகள். மேற்கோள்கள் முறையே 9, 6, 4, 2, 1 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 22. முதல் வரிசையில் 9 புள்ளி, அடுத்ததில் 6, அதற்கடுத்து 4, பிறகு 2, 1 என்று இடப்பக்கம் ஒட்டி வரைந்து பாருங்கள். இடது மேல் மூலையில் எவ்வளவு பெரிய சதுரம் அடங்கும்? மூன்றுக்கு மூன்று. ஹெச்-இன்டெக்ஸும் 3. இந்தச் சதுரம் ஹிர்ஷுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே கணிதத்தில் இருக்கிறது. டர்ஃபி சதுரம் என்று பெயர். ஓர் எண்ணைப் பல எண்களின் கூட்டலாக எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்ற ஆராய்ச்சியில் வருவது. ஹார்டியும் ராமானுஜனும் 1918-இல் தோராயச் சூத்திரம் கண்டுபிடித்தார்களே, அதே பிரிவினைக் கணக்குதான். 200-ஐப் பிரிக்க மட்டும் 3,972,999,029,388 வழிகள் உண்டு. கிட்டத்தட்ட நான்கு லட்சம் கோடி.

2014-இல் அலெக்சாண்டர் யாங் என்ற கணிதவியலாளர் இந்தத் தொடர்பைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். மொத்த மேற்கோள் N என்று மட்டும் தெரியும், அது எந்தெந்தக் கட்டுரைக்கு எவ்வளவு என்று தெரியாது. எல்லாப் பிரிவினைகளையும் சமமாகப் பாவித்தால் சதுரத்தின் பக்கம் சராசரியாக எவ்வளவு வரும்? விடை: N-இன் வர்க்கமூலத்தை 0.54-ஆல் பெருக்கினால் வருவது. இதை நிஜக் கணிதவியலாளர்களின் பதிவுகளோடு ஒப்பிட்டும் பார்த்தார். பெரும்பாலும் பொருந்தியது.

இப்போது உங்கள் பேராசிரியருக்கு வருவோம். 600-இன் வர்க்கமூலம் 24.5 சொச்சம். 0.54-ஆல் பெருக்கினால் 13.2. பக்கத்தில் இருப்பது 13.

அதாவது அந்தப் 13 உங்களுக்குப் புதிதாக ஒன்றுமே சொல்லவில்லை. 600 என்று தெரிந்தவுடனேயே அதை ஊகித்திருக்கலாம். ஹெச்-இன்டெக்ஸ் செய்தி தருவது, இந்தக் கணக்கிலிருந்து நன்றாக விலகி நிற்கும்போதுதான். 600 மேற்கோள் இருந்து ஹெச்-இன்டெக்ஸ் 5 என்றால், ஒரு சில கட்டுரைகள்தான் பெரும்பங்கை ஈர்த்திருக்கின்றன என்று பொருள். அவை என்ன என்று போய்ப் பார்க்கலாம். 20 என்றால் எல்லாமே சீராக இருபது முப்பது என்று வாங்கியிருக்கின்றன. அதற்கும் ஒரு காரணம் இருக்கும். சில நேரம் அது நல்ல காரணமாக இருக்காது. உங்கள் தோழியின் 16-ஐயும் இதே கணக்கில் திருப்பிப் போட்டால் 900-க்குச் சற்றுக் குறைவான மேற்கோள்கள். ஆக 13-க்கும் 16-க்கும் உள்ள போட்டி, 600-க்கும் 900-க்கும் உள்ள போட்டிதான்.

சரி, அந்த 600 எதைச் சொல்கிறது? இதில்தான் துறை பற்றிய விவரம் வேண்டும்.

உயிரியல் கட்டுரை ஒன்றின் முடிவில் 50, 60 மேற்கோள்கள் வருவது சாதாரணம். கணிதக் கட்டுரைகளில் அதில் பாதிகூட இல்லாமல் போவது வழக்கம். கொடுப்பவர்கள் கை சிறுத்தால் வாங்குபவர்களுக்கும் சிறுகத்தானே கிடைக்கும்! அடுத்தது ஆள் எண்ணிக்கை. கணிதத்தில் தனியாகவோ இன்னொருவருடனோ மூன்று பேராகவோ எழுதுவதுதான் பெரும்பான்மை. ஆய்வகம் வைத்து நடத்தும் துறைகளில் பத்துப் பேர், இருபது பேர் சேர்ந்து எழுதுவார்கள். ஒவ்வொருவர் கணக்கிலும் கட்டுரை முழுசாக ஒன்று ஏறும். ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்து 2015-இல் வந்த இயற்பியல் கட்டுரைக்கு ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்கள். அதற்கு வந்த மேற்கோள் ஒவ்வொன்றும் ஐயாயிரம் பேர் கணக்கிலும் விழும்.

இதோடு ஒட்டிய இன்னொரு குழப்பம், பெயர் வரிசை. உயிரியலில் முதல் பெயர் வேலையைச் செய்தவர், கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவர் என்று ஒரு பாஷை உண்டு. கணிதத்தில் அகர வரிசைதான். ஹார்டி–லிட்டில்வுட், அட்டியா–சிங்கர் எல்லாம் அப்படித்தான். அமெரிக்கக் கணிதச் சங்கம் 2004-இல் இதை ஓர் அறிக்கையாகவே வெளியிட்டது. மற்றத் துறைக்காரர்கள் தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்து தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால். நான் இருந்த குழு ஒன்றிலேயே, 'இவர் ஒரு கட்டுரையில்கூட முதல் ஆசிரியர் இல்லையே' என்று ஒருவர் உதட்டைப் பிதுக்கினார். அந்த விண்ணப்பதாரரின் குடும்பப் பெயர் ஆங்கில அகர வரிசையின் கடைசி எழுத்தில் தொடங்குவது என்பதைச் சொல்லிப் புரியவைக்க ஐந்து நிமிடம் ஆயிற்று.

கணிதத்துக்கு உள்ளேயே வேறுபாடு பெரிது. வகைக்கெழுச் சமன்பாடுகள், கோட்டுருவியல் போன்றவற்றில் ஆட்கள் அதிகம், கட்டுரைகள் வேகமாக வரும். சில உட்பிரிவுகளில் உலகம் முழுக்கத் தேடினாலும் ஒரு கட்டுரையை முழுதாகப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் முப்பது நாற்பது பேர்தான் தேறுவார்கள். அந்த முப்பது பேரும் ஒருவரை மதித்தால் அதுவே அங்கே உச்சம். மேற்கோள் எண்ணிக்கையாக அது மிகச் சின்னதாகத்தான் தெரியும். புள்ளியியல் எல்லைக்குப் போய்விட்டாலோ கதையே வேறு. பல சோதனைகளை ஒரே சமயத்தில் செய்யும்போது தவறான கண்டுபிடிப்புகளைக் கட்டுப்படுத்த பெஞ்சமினி, ஹாக்பெர்க் இருவரும் 1995-இல் எழுதிய கட்டுரை பல பத்தாயிரம் மேற்கோள்கள் பெற்றது. மரபணு ஆராய்ச்சிக்காரர்கள் தினமும் பயன்படுத்தும் கருவி அது.

இதற்கு ஆகச் சிறந்த உதாரணம் ஒரே மனிதரிடம் கிடைக்கிறது. டெரன்ஸ் தாவோவைக் கணிதவியலாளர்கள் எதற்காகக் கொண்டாடுகிறார்கள் என்று கேட்டால், பகா எண்களுக்குள் எவ்வளவு நீளமான கூட்டுத்தொடரையும் (சம இடைவெளியில் வரும் எண் வரிசையையும்) காணலாம் என்று பென் கிரீனுடன் சேர்ந்து நிறுவியதைப் பலர் முதலில் சொல்வார்கள். 2008-இல் அன்னல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ் இதழில் வந்தது. ஆனால் அவருடைய மேற்கோள் பட்டியலில் உச்சியில் இருப்பவை, குறைவான அளவீடுகளிலிருந்து ஒரு சமிக்ஞையை முழுதாக மீட்டெடுப்பது பற்றி கண்டேஸ், ராம்பெர்க் ஆகியோருடன் எழுதிய கட்டுரைகள். முதலாவது 2006-இல் வந்தது. கிரீன்–தாவோ தேற்றத்தைவிட அதற்குப் பல மடங்கு மேற்கோள். எம்ஆர்ஐ படம் எடுப்பவர்கள், மின்பொறியாளர்கள், கணினித் துறையினர் என்று எல்லாரும் அதைத் தொடுகிறார்கள். இரண்டும் அருமையான வேலை. எது பெரியது என்று எண்ணிக்கையிடம் கேட்டால், எந்த அறையில் கூட்டம் அதிகம் என்றுதான் அது பதில் சொல்லும்.

காலம் என்று வந்தால் கணிதம் இன்னும் மோசமாக அடிவாங்குகிறது. ஆய்விதழ்களுக்குப் போடும் இம்பாக்ட் ஃபேக்டர், முந்தைய இரண்டு வருடக் கட்டுரைகளுக்கு இந்த வருடம் வந்த மேற்கோள்களின் சராசரியைக் கணக்கிடுவது. பன்னாட்டுக் கணித ஒன்றியம் இன்னும் இரண்டு அமைப்புகளோடு சேர்ந்து 2008-இல் மேற்கோள் புள்ளிவிவரங்கள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. கணிதத்தில் ஏறக்குறைய 90 சதவீத மேற்கோள்கள் இந்த இரண்டு வருடச் சாளரத்துக்கு வெளியே விழுகின்றன என்பது அதில் உள்ள ஒரு தகவல். பத்தில் ஒன்றைப் பார்த்து மிச்சம் ஒன்பதைத் தள்ளிவிடும் அளவுகோல்! உலகின் மிக மதிப்புக்குரிய கணித இதழ்களில் ஒன்றான அன்னல்ஸின் இம்பாக்ட் ஃபேக்டர் ஒற்றை இலக்கம்தான். பெரிய மருத்துவ இதழ்களுக்கு அது ஐம்பதைத் தாண்டும்.

தாமதம், கட்டுரை அச்சேறுவதற்கு முன்பே தொடங்கிவிடும். பந்துகளை எப்படி அடுக்கினால் மிக நெருக்கமாக அடங்கும் என்ற கெப்ளர் ஊகத்துக்கு தாமஸ் ஹேல்ஸ் 1998-இல் நிரூபணம் தந்தார். மதிப்பீட்டாளர்கள் வருடக்கணக்கில் மல்லுக்கட்டிவிட்டு, 99 சதவீதம் சரி என்று நம்புகிறோம், முழுதாகச் சரிபார்க்க முடியவில்லை என்றார்கள். கட்டுரை அச்சில் வந்தது 2005-இல். ஹேல்ஸ் அதோடு விடவில்லை. கணினியை வைத்து ஒவ்வொரு படியையும் முறைப்படி சரிபார்க்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கி 2014-இல் முடித்தார். இந்த இடைவெளியில் உயிரியலில் ஒருவர் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்து பேராசிரியரே ஆகிவிடலாம்.

இதைவிட நீளமான தூக்கங்களும் உண்டு. ஒரு வடிவத்தை ஊடுருவும் எல்லாக் கோடுகளிலும் உள்ள கூட்டுத்தொகைகள் தெரிந்தால் அந்த வடிவத்தையே மீட்டுவிடலாம் என்று யோஹான் ராடோன் 1917-இல் காட்டினார். அப்போது அது சுத்தமான கணிதம். 1963, 1964-இல் ஆலன் கோர்மக், ராடோனின் வேலை இருப்பதே தெரியாமல், எக்ஸ்ரே கதிர்களை வைத்து உடலின் உட்பகுதியைப் படமாக்க அதே கணக்கைப் புதிதாகப் போட்டார். அந்தக் கட்டுரைகளையும் அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இன்று மருத்துவமனை தோறும் இருக்கும் சிடி ஸ்கேனின் அடிப்படை அதுதான்; கோர்மக்குக்கும், கருவியை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் 1979-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1922-இல் ஒரு மதிப்பீட்டுக் குழு கூடி, ராடோனின் கட்டுரைக்கு ஐந்து வருடத்தில் எத்தனை மேற்கோள் என்று கேட்டிருந்தால் என்ன எழுதியிருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர்மாறான விபத்தும் இருக்கிறது. ஒரு வேலை அளவுக்கு மீறி வெற்றி பெற்றால் அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. பானக் என்ற கணிதவியலாளரின் பெயரால் வழங்கும் பானக் வெளி என்ற சொல் தினமும் எத்தனையோ கட்டுரைகளில் வருகிறது. பானக்கின் மூலக் கட்டுரையைப் பட்டியலில் சேர்ப்பவர் அபூர்வம். பகா எண்கள் பற்றி ரீமன் 1859-இல் எழுதியது பத்துப் பக்கம்கூட வராத ஒரே கட்டுரை. அதில் பிறந்த ரீமன் கருதுகோளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுபவர்களில் எத்தனை பேர் அந்தக் கட்டுரையைப் பட்டியலில் போடுகிறார்கள்? சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதற்கு ஒரு பெயரே வைத்தார். உள்ளே கரைந்து காணாமல் போவது என்று தமிழில் சொல்லலாம். உப்புக்கு யாரும் நன்றி சொல்லிக்கொண்டு சாப்பிடுவதில்லை.

கதவைத் திறக்கும் கட்டுரைக்கும் கதவைச் சாத்தும் கட்டுரைக்கும் உள்ள வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். முடிவுறு எளிய குலங்கள் எனப்படும் கணித அமைப்புகளை வகைப்படுத்தும் மாபெரும் முயற்சி 1980-களின் தொடக்கத்திலேயே முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. பிறகு பார்த்தால் உள்ளே ஓர் ஓட்டை. ஆஷ்பாக்கர், ஸ்மித் இருவரும் அதை அடைத்து 2004-இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார்கள். ஆயிரம் பக்கங்களுக்கு மேல். அது இல்லாவிட்டால் அந்தத் தேற்றமே நிற்காது. ஆனால் சாத்திய கதவுக்கு அப்பால் போக யாருக்கும் வேலை இல்லை என்பதால் இப்படிப்பட்ட உழைப்புக்கு மேற்கோள் கூட்டம் சேராது. எளிதான ஒரு புது வரையறையைச் சொல்லி, 'இதை இன்னும் பத்து விதமாகப் பொதுமைப்படுத்தலாம்' என்று முடிக்கும் கட்டுரைக்கு அடுத்த வருடமே பத்து மேற்கோள் வந்துவிடும்.

கட்டுரை எண்ணிக்கை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹங்கேரியக் கணிதவியலாளர் ஏர்டிஷ் சுமார் 1500 கட்டுரைகள் எழுதினார், ஐநூறுக்கு மேற்பட்டவர்களோடு சேர்ந்து. ஆய்லரின் படைப்புகளைப் பட்டியலிட்டபோது 866 தேறியது. மறுபுறம் காலுவா இருபது வயதில் இறந்தார். அவர் எழுதியதெல்லாம் சேர்த்து ஒரு மெல்லிய புத்தகம். அதுவும் அவர் இறந்து 14 வருடம் கழித்து, 1846-இல் லியூவில் என்ற கணிதவியலாளர் அச்சிட்ட பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. கவுஸின் முத்திரை வாசகமே 'கொஞ்சம், ஆனால் கனிந்தது' என்பது. எழுதும் வேகம் மனிதருக்கு மனிதர் மாறும் சுபாவம், அவ்வளவுதான்.

ஈதாங் ஜாங் கதையை மட்டும் விட முடியாது. நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். ஐம்பதைக் கடந்தவர். வெளியான கட்டுரைகள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். 2013-இல், 7 கோடிக்குள் இடைவெளி உள்ள பகா எண் ஜோடிகள் முடிவில்லாமல் இருக்கின்றன என்று நிறுவி அன்னல்ஸுக்கு அனுப்பினார். வருடக்கணக்கில் இழுக்கும் அந்த இதழ் சில வாரங்களிலேயே ஏற்றுக்கொண்டது. ஒரு வருடத்துக்குள் மற்றவர்கள் சேர்ந்து அந்த 7 கோடியை 246 வரை இறக்கிவிட்டார்கள். அதற்கு முந்தைய வருடம் அவர் பக்கத்தை நீங்கள் பார்த்திருந்தால், உங்கள் பேராசிரியருக்குக் கொடுத்த அளவு யோசனைகூட அவருக்குக் கொடுத்திருக்க மாட்டீர்கள். ரஷ்யக் கணிதவியலாளர் பெரல்மான் இன்னும் ஒரு படி மேல். நெடுங்காலம் நிரூபிக்கப்படாமல் இருந்த புவான்கரே ஊகத்துக்கான நிரூபணத்தை 2002, 2003-இல் மூன்று பகுதிகளாக, இதழில் வருமுன்பே கட்டுரைகளை வெளியிடும் ஆர்க்கைவ் தளத்தில் போட்டார். எந்த இதழுக்கும் அனுப்பவில்லை. ஆய்விதழ்க் கட்டுரைகளை மட்டுமே எண்ணும் ஒரு படிவத்தில் அந்த வேலைக்கு மதிப்பு பூஜ்யம். இப்படிப்பட்டவர்கள் விதிவிலக்கு என்பது எனக்கும் தெரியும். குறைவாக எழுதுகிறவர் எல்லாரும் மறைந்திருக்கும் ஜாங் இல்லை. பலர் வெறுமனே குறைவாக எழுதுகிறவர்கள்.

அப்புறம், எண்களைச் செயற்கையாக ஏற்றுவது. கணிதத்தில் மேற்கோள் ஓட்டம் சின்னது என்று சொன்னேன் இல்லையா, அதனாலேயே இங்கே வெள்ளம் வரவைப்பது சுலபம். ஐந்தாறு பேர் ஒருவரையொருவர் விடாமல் மேற்கோள் காட்டிக்கொண்டால் போதும், உலகப் பட்டியலில் ஏறிவிடலாம். உலகில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வாளர்கள் என்று கிளாரிவேட் நிறுவனம் வருடா வருடம் ஒரு பட்டியல் போடுகிறது. 2023-இல் அதிலிருந்து கணிதப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். சின்ன அசைவும் கணக்கைத் திரித்துவிடுகிறது, நிஜமான செல்வாக்கையும் செயற்கையானதையும் பிரிக்க முடியவில்லை என்பதுதான் சாரம். இதழ்களிலும் இதே கூத்து. பயன்பாட்டுக் கணித இதழ்களின் இம்பாக்ட் ஃபேக்டர் வரிசையில் 2006 முதல் 2009 வரை முதலிடத்தில் இருந்த ஓர் இதழைப் பற்றி ஆர்னால்டும் ஃபவுலரும் 2011-இல் அலசி எழுதினார்கள். அந்த மேற்கோள்களில் பெரும்பகுதி இதழோடு சம்பந்தப்பட்ட விரல்விட்டு எண்ணக்கூடியவர்களிடமிருந்தே வந்திருந்தது.

கூகுள் ஸ்காலர் எவ்வளவு வெகுளி என்பதற்கு ஒரு பிரெஞ்சு வேடிக்கை. 2010-இல் சிரில் லாபே என்ற கணினி ஆய்வாளர், ஐக் ஆன்ட்கேர் என்று இல்லாத ஒரு விஞ்ஞானியை உருவாக்கினார். கணினி உளறிக்கொட்டிய நூறு கட்டுரைகள், அவை ஒன்றையொன்று மேற்கோள் காட்டும். ஹெச்-இன்டெக்ஸ் 94 வந்தது. அந்தக் கணக்கில் ஐன்ஸ்டைனைத் தாண்டிவிட்டார். பெயரை ஆங்கிலத்தில் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், 'எனக்கென்ன கவலை' என்று கேட்கும்.

அதனால் கணிதவியலாளர் ஒருவரைப் பார்க்க ஸ்காலர் பக்கத்தில் தொடங்குவதைவிட, கணிதக் கட்டுரைகளுக்கான தரவுத்தளங்களான மேத்சைநெட் அல்லது இசட்பிமேத்-இல் தொடங்குங்கள். மேத்சைநெட் 1940-இல் தொடங்கிய மதிப்புரை இதழின் இன்றைய வடிவம். சந்தா வேண்டும், பல்கலைக்கழக நூலகங்களில் இருக்கும். இசட்பிமேத் 2021 முதல் எல்லாருக்கும் இலவசம். இரண்டிலும் மேற்கோள் எண்ணிக்கை ஸ்காலரில் இருப்பதைவிடக் குறைவாகத்தான் வரும், பயப்படாதீர்கள். ஸ்காலர் பிரீபிரிண்ட் (இதழில் வராத முன்வரைவு), ஆய்வேடு, பாடக்குறிப்பு எல்லாவற்றையும் அள்ளிப்போட்டு எண்ணும். இந்த இரண்டு தளங்களிலும் எண்ணைவிட மதிப்பானது மதிப்புரை. பல கட்டுரைகளுக்கு வேறொரு கணிதவியலாளர் ஒரு பத்தியாவது எழுதியிருப்பார். 'ஆசிரியர் தரும் புதிய உத்தி மற்ற இடங்களிலும் பயன்படும்' என்று ஒருவர் எழுதியிருந்தால் கவனியுங்கள். முன்னுரையை அப்படியே வெட்டி ஒட்டியிருந்தால், அவருக்குச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் அப்படித்தான்.

அடுத்து, அவருடைய கட்டுரைகளில் அதிக மேற்கோள் பெற்ற மூன்றை எடுங்கள். அவற்றை மேற்கோள் காட்டியவர்களில் பத்துப் பேரைத் திறந்து, உங்கள் பேராசிரியரின் பெயர் எங்கே வருகிறது என்று தேடுங்கள். 'இந்தத் துறையில் பலர் உழைத்துள்ளனர், பார்க்க: 3 முதல் 17 வரை' என்ற வரியில் மட்டும் வந்தால் அது கும்பலோடு கோவிந்தா. நிரூபணத்தின் நடுவில், 'இன்னாருடைய தேற்றம் 2.1-இன்படி' என்று வந்தால், அதை உருவினால் இவர்கள் கட்டுரை சரிந்துவிடும் என்று பொருள். பின்னதில் ஒன்று முன்னதில் இருபதுக்குச் சமம் என்பது என் சொந்த மாற்று விகிதம், ஆதாரமெல்லாம் கேட்காதீர்கள். யார் காட்டுகிறார்கள் என்பதும் முக்கியம். சொந்தக் கூட்டாளிகளும் பழைய மாணவர்களும் மட்டும்தானா, அல்லது அவரைச் சந்தித்தே இராதவர்களா? வேறு உட்பிரிவிலிருந்து யாராவது வந்து எடுத்துப் போயிருந்தால் இன்னும் நல்லது.

இதழ் பெயர்களையும் பாருங்கள், இம்பாக்ட் ஃபேக்டரைப் பார்க்காமல். அன்னல்ஸ், இன்வென்சியோனஸ், ஆக்டா போன்றவற்றில் ஒன்று இருந்தாலே பெரிய விஷயம். டியூக் மாதிரி இதழ்களில் இரண்டு மூன்று இருந்தால் நல்ல கை. இல்லாவிட்டாலும் குற்றமில்லை, அந்தந்த உட்பிரிவுக்கென்று மதிப்பான இதழ்கள் உண்டு, அவை எவை என்பதை அதே துறையில் இருக்கும் யாரிடமாவது கேட்டால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

நீங்கள் மாணவராகச் சேரத்தானே கேட்கிறீர்கள்? அதற்கு இன்னும் நேரான ஒரு பட்டியல் இருக்கிறது. மேத்தமேட்டிக்ஸ் ஜீனியாலஜி என்ற தளத்தில் யார் யாருக்கு மாணவர் என்ற வம்சாவளி இருக்கிறது. உங்கள் பேராசிரியரின் முன்னாள் மாணவர்கள் யார், பட்டம் முடித்த பிறகு தனியாகக் கட்டுரை எழுதியிருக்கிறார்களா, இன்னும் கணிதத்தில் இருக்கிறார்களா என்று தேடுங்கள். இருவருக்காவது மின்னஞ்சல் அனுப்பி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் அவர் அவர்களோடு கரும்பலகை முன் நின்றார் என்று கேளுங்கள். கடைசி மூன்று வருடங்களில் ஆர்க்கைவில் அவர் ஏதாவது போட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள். 600 மேற்கோளும் பதினைந்து வருடத்துக்கு முந்தைய வேலைக்கு வந்ததாகவும் இருக்கலாம்.

இதெல்லாம் ஒரு நாள் வேலை. 42, 600, 13 என்று படித்து முடிக்க ஐந்து வினாடி. மாணவராகச் சேர்ந்தால் ஐந்து வருடம்.